பால் அறியாத குழம்பு: எண்ணெய்க் கத்தரிக்காய்

வீகன் விருந்தாளி ஒருவர் வருகிறார் என்றதும் நம்மில் பலர் முதலில் செய்வது, கடைக்கு ஓடி டோஃபுவும் பாதாம்பாலும் வாங்கி வருவது. பனீர் போகிற இடத்தில் டோஃபு, தயிர் போகிற இடத்தில் தேங்காய்த் தயிர் என்று ஒவ்வொன்றாக மாற்றிப்போட்டு, நமக்கே பழக்கமில்லாத ஒரு சமையலை மேசையில் வைப்போம். வந்தவர் மரியாதைக்குச் சாப்பிட்டுவிடுவார். ஆனால் நம் கைப்பக்குவம் அதில் இருக்காது.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்குக் கல்லூரியிலிருந்து வந்த மகள், "அம்மா, நான் இப்ப வீகன். பால், தயிர், நெய் எதுவும் வேண்டாம்மா" என்றாள். அன்றைக்குப் பாதாம்பாலை எலுமிச்சையில் புளிக்கவைத்து நான் வைத்த மோர்க்குழம்பு திரிந்துபோனது. மறுநாள் மதுரைக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொல்லி வருத்தப்பட்டேன். "எண்ணெய்க் கத்தரிக்கா வையேன்டி. அதுல பாலு எங்க இருக்கு?" என்றாள்.

அம்மா சொன்னதுதான் சரி. பால் சேர்ந்த பண்டத்திலிருந்து பாலை எடுக்கப் பார்க்காதீர்கள். பாலே சேராத பண்டத்தைத் தேர்ந்தெடுங்கள். தமிழ்ச் சமையலில் அதற்குப் பஞ்சமே இல்லை. பூண்டுக்குழம்பு, காரக்குழம்பு, புளியோதரை, சுண்டல், கூட்டு, பொரியல் வகைகள், துவையல், நெய்யில் தாளிக்காத ரசம் எல்லாமே பால் இல்லாதவை. இவற்றில் விருந்துக்கு வைக்கத் தகுந்தது, ஒருநாள் கழித்தும் ருசி குறையாதது எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்புதான். இந்த அத்தியாயத்தில் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நாம் 'சைவம்' என்றால் கறி, மீன், முட்டை இல்லை என்று பொருள்; பாலும் நெய்யும் அதற்குள் அடக்கம். 'வீகன்' என்ற சொல்லை 1944-இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவருடைய நண்பர்களும் உருவாக்கியதே, பாலையும் முட்டையையும் விலக்குகிறவர்களைச் சைவர்களிடமிருந்து பிரித்துச் சொல்லத்தான். தமிழில் இதை 'நனிசைவம்' என்கிறார்கள். இந்தியப் பொட்டலங்களில் இருக்கும் பச்சைப் புள்ளி சைவத்துக்கான அடையாளம் மட்டுமே. பால்பேடாவின் மேலும் அதே பச்சைப் புள்ளிதான் இருக்கும்.

பால் ஒளிந்திருக்கும் இடங்கள்

வெண்ணெய், நெய், தயிர் ஆகியவை கண்ணுக்குத் தெரியும். தெரியாமல் வருகிறவைதான் நம்மை ஏமாற்றும். வற்றல்குழம்பு வீகன்தான் என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். சுண்டை வற்றலையும் மணத்தக்காளி வற்றலையும் உப்புமோரில் ஊறவைத்துத்தான் காயவைப்பார்கள் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. மோர் மிளகாயும் அப்படியே. சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள இவற்றை வறுத்து வைக்காதீர்கள், அப்பளம் போதும்.

காபிக்குப் போடும் பொடியில் 'நான் டெய்ரி' என்று எழுதியிருந்தாலும் அட்டையின் பின்புறத்தைப் படியுங்கள். அமெரிக்காவில் அந்தச் சொல்லைப் போட்டுவிட்டு, பாலிலிருந்து எடுக்கும் சோடியம் கேசினேட்டைச் சேர்த்து விற்பது உண்டு. 'வீகன்' என்ற சொல்லுக்கும் இங்கே உணவுத் துறையின் சட்டப்படியான வரையறை கிடையாது. ஆனால் பால் சேர்ந்திருந்தால் அதைப் பொருள்பட்டியலில் தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம். ஆகவே முன்புறத்தில் பெரிய எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு, பின்புறப் பட்டியலில் 'மில்க்' என்ற சொல்லோ, 'கன்டெய்ன்ஸ்: மில்க்' என்ற வரியோ இருக்கிறதா என்று தேடுங்கள். நியூஜெர்சிக் கடைகளில் இன்னொரு வசதியும் உண்டு. யூதர்களின் கோஷர் முத்திரையான வட்டத்துக்குள் 'யு' என்ற எழுத்தின் பக்கத்தில் 'டி' இருந்தால், அதில் பால் சேர்ந்திருக்கிறது, அல்லது பால் பண்டம் செய்யும் எந்திரத்தில் அது தயாரானது என்று பொருள். 'பாரெவ்' என்றிருந்தால் பாலும் இல்லை, இறைச்சியும் இல்லை. முட்டையோ மீனோ இருக்கலாம் என்பதால் அத்தோடு நின்றுவிடாமல் பட்டியலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

குழம்பில் கடைசியாகச் சேர்க்கும் இனிப்புக்கு வெல்லம் போடுங்கள். இங்கே கரும்புச் சர்க்கரையைச் சில ஆலைகள் மாட்டெலும்புக் கரியில் வடிகட்டி வெளுப்பாக்குகின்றன. கண்டிப்பான வீகன்கள் அந்தச் சர்க்கரையைத் தொடமாட்டார்கள். வெல்லத்துக்கு இந்தக் கவலை இல்லை, புளிக்குழம்புக்கு ருசியும் அதுதான்.

கடையில் எதை எடுப்பது

எடிசனுக்கும் ஐசலினுக்கும் நடுவில் ஓக் ட்ரீ ரோட்டில் இருப்பவர்களுக்கும், சன்னிவேல், ஃப்ரீமான்ட் பக்கம் இருப்பவர்களுக்கும், டாலஸை ஒட்டிய இர்விங், பிளானோவாசிகளுக்கும் இந்தியக் கடை தூரமில்லை. ஹூஸ்டனில் ஹில்கிராஃப்ட் பகுதிக்கு 2010-இலேயே மகாத்மா காந்தி மாவட்டம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆகவே பொருள் கிடைக்குமா என்ற கேள்வி இல்லை. ஒரே பெயரில் அடுக்கியிருக்கும் நான்கில் எதை எடுப்பது என்பதுதான் கேள்வி.

கத்தரிக்காயில் உருண்டையான, முட்டையைவிடச் சிறிய ஊதாக் காய் வேண்டும். காம்பின் தொப்பி பச்சையாக, தோல் பளபளப்பாக இருக்க வேண்டும். விதை முற்றிய காய் கசக்கும். வாங்கிவந்ததைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கத்தரிக்காய் கெட்டுப்போகத் தொடங்கும், தோலில் குழி விழும், விதை பழுப்பாகும். மேசைமேல் வைத்து இரண்டு நாளுக்குள் சமைத்துவிடுங்கள். அமெரிக்காவில் கத்தரிக்காய் நிறைய விளையும் மாநிலங்களில் நியூஜெர்சியும் ஒன்று. ஜூலை முதல் செப்டம்பர் வரை அங்கே உழவர் சந்தைகளில் கிடைக்கும் காய்க்கு ஈடாக எந்தக் கடைக் காயும் வராது. சின்னக் காய் கிடைக்காத ஊரில் நீளமான சீனக் கத்தரிக்காயை இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டிப் போடலாம். சூப்பர் மார்க்கெட்டின் பெரிய குண்டுக் கத்தரிக்காய் இதற்கு வேண்டாம், அது கரைந்துவிடும். அதைச் சுட்டுக் கொத்சு செய்யுங்கள்.

சின்ன வெங்காயம் என்று நினைத்துப் பலரும் 'பேர்ல் ஆனியன்' வாங்கிவிடுகிறார்கள். உருவம் ஒன்றுதான், ஆனால் அதில் நீரும் இனிப்பும்தான் அதிகம், காரம் இல்லை. 'ஷாலட்' என்று கேட்டு வாங்குங்கள். இங்கே அது பெரிதாக இருக்கும், நான்காக வெட்டினால் நம் சின்ன வெங்காயத்தின் அளவு வந்துவிடும்.

புளியில்தான் அதிகம் தடுமாற்றம். கறுப்பாக, தார்போல டப்பாவில் வரும் புளிச்சாறு மிகவும் செறிவானது, இரண்டு தேக்கரண்டிக்கு மேல் போனால் குழம்பு கறுத்துப் புளிப்பு தூக்கிவிடும். கட்டிப் புளியே நல்லது. டெக்சஸ்காரர்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது: மெக்சிகோ மக்கள் வாங்கும் கடைகளில் 'தமரிந்தோ' என்ற பெயரில் ஓட்டோடு முழுப் புளி கிடைக்கும். நல்ல புளி அது. அதே அடுக்கில் அட்டைப்பெட்டியில் இருக்கும் தாய்லாந்து இனிப்புப் புளியை எடுத்துவிடாதீர்கள். அது அப்படியே சாப்பிடுவதற்கு. அந்தக் கடைகளிலேயே 'சிலே தெ ஆர்போல்' என்ற ஒல்லியான வற்றல் மிளகாயும் உண்டு. நம் மிளகாய் தீர்ந்துபோன நாளில் தயங்காமல் போடலாம்.

எண்ணெய் என்றால் நல்லெண்ணெய். இந்தப் பண்டத்தின் பெயரிலேயே எண்ணெய் இருக்கிறது, வேறு எண்ணெயில் செய்தால் அது வேறு குழம்பு. ஆனால் சீனக் கடையில் கருஞ்சிவப்பாக விற்கும் எள்ளெண்ணெயும் இதுவும் ஒன்றல்ல. அது வறுத்த எள்ளில் எடுத்தது, கடைசியில் சில சொட்டு விடுவதற்கானது. அதில் தாளித்தால் கசந்துவிடும். செக்கில் ஆட்டிய நம்மூர் நல்லெண்ணெய் இந்தியக் கடைகளில் 'ஜிஞ்சிலி ஆயில்' என்ற பெயரில் இருக்கும்.

தேங்காய்க்கு உறைந்த துருவல் பொட்டலம் போதும். கேக் செய்யும் பொருள்கள் இருக்கும் பகுதியில் வாங்கும் உலர்ந்த தேங்காய்ப்பூவில் பெரும்பாலும் சர்க்கரை கலந்திருக்கும், கவனம்.

கறிவேப்பிலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஊரிலிருந்து வரும்போது பையில் பச்சைக் கறிவேப்பிலை கொண்டுவரக்கூடாது என்று இங்கே சட்டம் இருப்பது வீண் கெடுபிடி அல்ல. கறிவேப்பிலை எலுமிச்சை, ஆரஞ்சு குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் ஒட்டிவரும் ஒரு சிறு பூச்சி, ஆரஞ்சு மரங்களைப் பட்டுப்போகச் செய்யும் நோயைப் பரப்புகிறது. அந்த நோய் ஃப்ளோரிடாவில் 2005-இலும், டெக்சஸிலும் கலிபோர்னியாவிலும் 2012-இலும் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு மருந்தில்லை. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குச் செடியைக் காரில் கொண்டுபோவதற்கும் தபாலில் அனுப்புவதற்கும் கட்டுப்பாடுகள் உண்டு. நண்பர் அன்போடு கொடுத்தாலும் எல்லை தாண்டி எடுத்துவராதீர்கள். உங்கள் ஊரிலேயே உரிமம் உள்ள நாற்றுப்பண்ணையில் வாங்கித் தொட்டியில் வையுங்கள். நியூஜெர்சியில் அக்டோபர் தொடங்கியதும் தொட்டியை வீட்டுக்குள் சன்னலோரம் கொண்டுவந்துவிட வேண்டும், பனிபட்டால் பிழைக்காது. ஹூஸ்டனில் தரையிலேயே வைக்கலாம் என்று சொல்வார்கள். 2021 பிப்ரவரியில் அங்கேயும் குழாய்த் தண்ணீர் உறைந்தது, ஆகவே தொட்டியே மேல். கடையில் வாங்கும் இலையைக் கழுவி, ஈரம் போகத் துணியில் உலர்த்தி, உறைப்பெட்டியில் வைத்தால் சில மாதம் மணம் நிற்கும். காய்ந்த கறிவேப்பிலைப் பொட்டலத்தில் மணம் ஏதும் மிச்சமிருக்காது, வாங்காதீர்கள்.

அடுப்பும் புகையும்

எங்கள் முதல் அடுக்குமாடி வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கடுகு தாளித்ததற்குக் கட்டடம் முழுக்க அபாயச் சங்கு ஒலித்து, எல்லாரும் குளிரில் வாசலில் நின்றோம். கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதற்காகப் புகைமணிக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டிவிட்டுச் சமைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உறையை எடுக்க மறந்த இரவில்தான் அந்த மணி தேவைப்படும். பின்வரிசை அடுப்பில் தாளியுங்கள், மேலே இருக்கும் புகைபோக்கி அங்கேதான் நன்றாக இழுக்கும். சன்னலைத் திறந்து மின்விசிறியை வெளிப்பக்கமாகத் திருப்பி வையுங்கள். நல்லெண்ணெயைப் புகையவிடாதீர்கள். மிதமான சூட்டிலேயே கடுகு வெடிக்கும், ஒரு நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

சுருள்கம்பி மின்னடுப்பை அணைத்த பிறகும் அதில் சூடு நிற்கும். வறுத்த மசாலா கருகுவது அந்த நேரத்தில்தான். அணைத்தால் போதாது, சட்டியை வேறு அடுப்பின்மேல் மாற்றி வையுங்கள். கலிபோர்னியாவின் வளைகுடாப் பகுதியில் புதுக் குடியிருப்புகள் பலவற்றில் எரிவாயுவே இல்லை. 2019-இல் பெர்க்லி நகரம் புதுக் கட்டடங்களில் எரிவாயுக் குழாய் கூடாது என்று அமெரிக்காவிலேயே முதன்முதலாகச் சட்டம் போட்டது. 2023-இல் நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதற்குள் பல ஊர்களில் கட்டுகிறவர்கள் மின்சாரத்துக்கு மாறத் தொடங்கியிருந்தார்கள். இண்டக்ஷன் அடுப்பில் மண்சட்டியும் கல்சட்டியும் அலுமினியமும் சூடேறாது. இரும்புச்சட்டி ஏறும், ஆனால் புளி வெகுநேரம் கொதித்தால் இரும்பின் வாடை குழம்பில் இறங்கும். எனாமல் பூசிய இரும்புப் பாத்திரமோ அடிகனமான எவர்சில்வரோ இருந்தால் அதில் வையுங்கள்.

செய்முறை

நான்கு பேருக்குக் கணக்கு. சின்னக் கத்தரிக்காய் ஒரு பவுண்டு, ஏறத்தாழ 450 கிராம். பத்துப் பன்னிரண்டு காய் நிற்கும். ஷாலட் ஐந்தாறு, பூண்டு பத்துப் பல், தக்காளி ஒன்று, எலுமிச்சை அளவு புளி. நல்லெண்ணெய் ஆறு மேசைக்கரண்டி. வறுத்தரைக்க: கொத்தமல்லி விதை இரண்டு மேசைக்கரண்டி, கடலைப்பருப்பு ஒரு மேசைக்கரண்டி, வற்றல் மிளகாய் ஆறு முதல் எட்டு, மிளகு ஒரு தேக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, வெந்தயம் கால் தேக்கரண்டி, எள் ஒரு மேசைக்கரண்டி, தேங்காய்த் துருவல் கால் கப். தாளிக்கக் கடுகு, கொஞ்சம் வெந்தயம், பெருங்காயம், கறிவேப்பிலை. மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, கல்லுப்பு, கொட்டைப்பாக்கு அளவு வெல்லம்.

புளியை இரண்டரைக் கப் வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்துக் கரைத்து வடிகட்டுங்கள். கத்தரிக்காயைக் காம்போடு வைத்துக்கொண்டு, அடியிலிருந்து நான்காகக் கீறி உப்புத் தண்ணீரில் போடுங்கள்.

ஒரு தேக்கரண்டி எண்ணெயில் முதலில் கடலைப்பருப்பு சிவக்கட்டும், பிறகு மல்லியும் மிளகாயும் மிளகும். மணம் வந்தபின் சீரகம், வெந்தயம், எள் மூன்றையும் போட்டு, எள் வெடிக்கத் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள். வெந்தயம் கருகினால் குழம்பு முழுக்கக் கசக்கும். தேங்காயைத் தனியாக வறுங்கள். உறைந்த துருவலில் ஈரம் அதிகம், முதலில் நீர் வற்றி அப்புறம்தான் பொன்னிறம் வரும்; பத்து நிமிடம்கூட ஆகலாம். ஆறியதும் எல்லாவற்றையும் கொஞ்சம் தண்ணீர் விட்டு, கையில் நெருடுகிற பதத்தில் அரையுங்கள். சிலர் மசாலாவைக் காய்க்குள் அடைத்து வதக்குவார்கள். நான் அடைப்பதில்லை. தட்டையான பாத்திரத்தில் அது வெளியே வந்து அடிப்பிடித்துக் கருகிவிடுகிறது.

இனி முக்கியமான கட்டம். காயை எடுத்துத் துணியால் நன்றாகத் துடையுங்கள், ஈரம் இருந்தால் எண்ணெய் தெறிக்கும். மீதி எண்ணெய் முழுவதையும் ஊற்றி மிதமான தீயில் காயைப் போட்டு மூடி, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் காய் எண்ணெயை எல்லாம் குடித்துவிடும், சட்டி காய்ந்ததுபோலத் தெரியும். பயந்து இன்னும் ஊற்றாதீர்கள். கத்தரிக்காயின் சதை காற்று நிரம்பிய பஞ்சு போன்றது, வெந்து அமுங்கும்போது குடித்த எண்ணெயில் பெரும்பகுதியைத் திரும்ப விட்டுவிடும். தோல் சுருங்கி, காம்பைப் பிடித்துத் தூக்கினால் காய் துவண்டு தொங்கினால் பதம். எண்ணெயைக் குறைத்தே ஆக வேண்டியவர்கள், கீறிய காயை மைக்ரோவேவில் நான்கு நிமிடம் வைத்துவிட்டு வதக்கினால் நான்கு மேசைக்கரண்டியில் முடிக்கலாம். அதற்கும் கீழே போனால் இது எண்ணெய்க் கத்தரிக்காய் அல்ல.

காயைத் தனியே எடுத்துவைத்து, அதே எண்ணெயில் கடுகு, வெந்தயம், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, பூண்டும் வெங்காயமும் போட்டுப் பூண்டு குழையும்வரை வதக்குங்கள். தக்காளி, மஞ்சள் சேர்த்து அது கரைந்ததும் அரைத்த விழுதைப் போட்டு இரண்டு நிமிடம் புரட்டி, புளித்தண்ணீரும் உப்பும் விடுங்கள். பச்சை வாசனை போக நன்றாகப் பத்து நிமிடம் கொதிக்க வேண்டும். பிறகு காயைக் குழம்பில் போட்டு, தீயைக் குறைத்து, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்கும்வரை விடுங்கள். வெல்லத்தைப் போட்டு இறக்குங்கள்.

இறக்கியவுடன் பரிமாறாதீர்கள். மூன்று மணி நேரமாவது ஊறட்டும். முந்தின இரவே வைத்துவிட்டால் இன்னும் நல்லது. சாதத்துக்கு நெய் விடுகிற இடத்தில் அரைக் கரண்டி நல்லெண்ணெய் விட்டுப் பிசையுங்கள், பக்கத்தில் ஒரு பருப்புத் துவையல் வையுங்கள். மகன், மகள் நிரந்தரமாக வீகனாக மாறிவிட்டால் இன்னொன்றும் உண்டு. பி12 சத்து நம் சைவச் சாப்பாட்டில் பாலிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. இந்தக் குழம்பிலோ பருப்பிலோ அது கிடையாது. அதை மாத்திரையாகவோ பி12 சேர்த்த உணவாகவோ எடுத்துக்கொள்ளும்படி சொல்லி, அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தமிழ்ப் பள்ளிப் பொங்கல் விழாவுக்கோ அலுவலகப் பொதுவிருந்துக்கோ இந்தக் குழம்பைக் கொண்டுபோகிறீர்களா? பாத்திரத்தின் மேல் 'வீகன்' என்று மட்டும் எழுதி ஒட்டாதீர்கள். எள் ஒவ்வாமை இந்த நாட்டில் பலருக்கு உண்டு. 2023 ஜனவரி 1 முதல் பால், முட்டை, மீன், கோதுமை, வேர்க்கடலை முதலியவற்றோடு எள்ளையும் ஒன்பதாவது ஒவ்வாமைப் பொருளாகச் சட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். நம் குழம்பில் எள் இரண்டு வழியாக வருகிறது, மசாலாவில் ஒன்று, எண்ணெயில் ஒன்று. 'ஜிஞ்சிலி' என்றால் எள் என்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்கே தெரியாது, பக்கத்து மேசைக்காரருக்கு எப்படித் தெரியும்? கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவும் கலந்திருக்கும். "பால் இல்லை. எள், தேங்காய், பெருங்காயத்தில் கோதுமை உண்டு" என்று ஒரு துண்டுத்தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். மூடியில் ஒட்டாதீர்கள், மூடியை யாராவது எடுத்து ஓரமாக வைத்துவிடுவார்கள். பாத்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டுங்கள்.